வியோஸ்கா

பெலாருஸ் மொழியில் சிற்றூருக்கு வியோஸ்கா என்று பெயர். ஊரைக் குறித்த ‘வெஸ்’ என்னும் பழைய ஸ்லாவியச் சொல்லோடு ‘கா’ விகுதி சேர்ந்து பிறந்தது இது. போலந்துக்காரர்களின் ‘வியெஷ்’ இதற்கு உடன்பிறப்பு. லத்தீனின் ‘வீகுஸ்’ தூரத்து உறவு. குடியிருப்பையும் அங்கு வாழும் மக்களையும் குறித்த ‘விஷ்’ என்ற வடமொழிச் சொல்லும் இதே வேரில் முளைத்தது. நாம் அறிந்த ‘வைசியர்’ அதிலிருந்து வந்ததே. பக்கத்து ரஷ்ய மொழியிலோ வழக்கில் உள்ள சொல் வேறு: ‘தெரெவ்னியா’. தனித்து நிற்கும் ஒற்றைப் பண்ணைவீட்டை பெலாருஸியர் வியோஸ்கா என்பதில்லை, அது ‘ஹூத்தர்’. வீட்டோடு வீடு சேர்ந்திருக்கும் இடமே வியோஸ்கா. ‘ஹாத்தா’ என்பது அந்த வீடு. பெரும்பாலும் மரத்தால் ஆனது.

பெலாருஸ் நாட்டில் வியோஸ்கா என்ற சொல்லைப் பற்றி ஹாத்தின் என்ற ஊரை விட்டுவிட்டுப் பேச முடியாது. மின்ஸ்க் நகருக்கு வடக்கே இருந்த அந்த வியோஸ்காவில் 26 வீடுகள். 1943 மார்ச் 22 அன்று நாஜிப் படையினர் ஊராரை ஒரு களஞ்சியக் கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். மாண்டவர் 149 பேர்; அவர்களில் 75 பேர் குழந்தைகள். இந்தக் கணக்கை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு பதறுகிறது. 1969-இல் அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. எரிந்து, மக்களையும் இழந்து, மீண்டும் எழாத மற்ற 185 ஊர்களின் மண்ணும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. 186-ஆவது ஊர் ஹாத்தின்.