மேசைமேல் ஒரு வான்போர்

கனடாவிலிருந்து மன்னாருக்கு வந்த பள்ளித்தோழன் ஒருவன் 'விங்ஸ் ஆஃப் வார்' என்னும் மேசை விளையாட்டைக் கொண்டுவந்திருந்தான். இருவரும் நகர்வு அட்டையை மறைவாகத் தெரிந்து, ஒரே வேளையில் திறந்து, அதிலுள்ள அம்புக்குறியின் வழியே சிறு விமானத்தை நகர்த்தவேண்டும். எனக்கு ஹரிக்கேன், அவனுக்கு ஜப்பானின் ஸீரோ.

"மச்சான், இது சட்டெண்டு திரும்பும், கவனம்" என்றான். மூன்றாம் சுற்றிலேயே என் பின்னால் வந்துவிட்டான்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின் வானில் மோதியவையும் இவ்விரு விமானங்களே. ஆனால் மேசையில் நாங்கள் சம உயரத்தில் தொடங்கினோம். அன்றோ நிலைமை வேறு. ஜப்பானியக் கடற்படை நெருங்குவதைக் கனடிய விமானி லெனர்ட் பேர்ச்சல் முந்தைய நாளே கண்டு அறிவித்திருந்தார். எனினும் காலையில் ரேடார் எச்சரிக்கை கிட்டவில்லை. எதிரி தலைக்குமேல் வந்தபோது இரத்மலானை ஹரிக்கேன்கள் தரையில் நின்றன. மேலெழும்போதே பல தாக்கப்பட்டன. திருப்பத்தின் வேகத்தைவிட, இழந்த உயரமும் நேரமுமே அவர்களை வீழ்த்தின என்பேன்.

அதன் அலை மன்னார்த் தீவுக்கும் வந்தது. கொழும்பை விட்டோடிய இந்தியத் தொழிலாளருக்கு ஊர் திரும்பும் வழி, 1914 முதல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய கப்பல்தான். வீழ்ந்த விமானங்களை எண்ணும் போர் வரலாறு, அந்த இறங்குதுறையில் மூட்டையோடு நின்றவர்களையும் எண்ணவேண்டும்.