கடைசியாகத் தொட்டவர்

நான் பேங்கில் சேர்ந்தபோது கையால் எழுதும் ரிஜிஸ்டர்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. தப்பு வந்தால் அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் இனிஷியல். பிறகு எல்லாம் எக்ஸெல். புனேயில் ஒரு கிளையில் வட்டி விகிதம் ஒன்று தப்பாக மாறியிருந்தது. யார் மாற்றியது? தெரியாது. கடைசியாக ஃபைலைச் சேமித்த கிளார்க் தலையில் பழி.

புரோகிராமர்கள் இதற்கு வழி கண்டு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 1972-ல் பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ்., நீக்கிய வரிகளையும் தூக்கிப் போடாது. எந்தத் திருத்தத்தில் வந்தது, எதில் போனது என்ற குறிப்போடு அதே ஃபைலில் வைத்திருக்கும். நம் ரிஜிஸ்டர் மாதிரியேதான்!

2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மொத்த ப்ராஜெக்டின் நிலையையும் பதிந்துவைக்கிறது. அதில் 'ப்ளேம்' என்றொரு கட்டளை: ஒவ்வொரு வரியையும் யார், எப்போது மாற்றினார்கள் என்று காட்டும். 2000-ல் தொடங்கிய சப்வெர்ஷனில் இதே கட்டளைக்கு 'ப்ரெய்ஸ்' என்றும் பெயர் உண்டு :-)

ஆனால் ப்ளேம் காட்டுவது கடைசியாகத் தொட்டவரை மட்டும். அவர் வெறும் கமா போட்டவராகக்கூட இருக்கலாம். தப்பு எங்கே நுழைந்தது என்று பார்க்க, 'லாக்' வழியாகத் திருத்தம் திருத்தமாகப் பின்னால் போக வேண்டும்.

அன்று எங்கள் கிளையில் பின்னால் போக வழியில்லை. ஒரு இனிஷியல் இருந்திருந்தால் அந்த கிளார்க் தப்பித்திருப்பார்.