பாறு வீழ்ச்சியும் மனித உயிரிழப்பும்: நச்சுத்தன்மையை அளக்கும் முறை குறித்து

ஒரு வேதிப்பொருள் நஞ்சா இல்லையா என்பதை அதை உட்கொள்ளும் உடலைக் கொண்டே மருந்து அனுமதி முறைகள் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. டைக்ளோஃபெனாக் அந்தச் சோதனையில் தேறிய மருந்து. மனிதரின் மூட்டுவலிக்கு நெடுநாளாகப் பயன்பட்ட அது, 1990களில் விலை மலிந்து இந்தியத் தொழுவங்களுக்குள் நுழைந்தது. மாடுகளின் வீக்கத்தையும் காய்ச்சலையும் நன்றாகவே தணித்தது. அதே மருந்துதான் தெற்காசியாவின் பாறுக் கழுகுகளை ஏறத்தாழத் துடைத்தழித்து, அந்த அழிவின் வழியே மனித உயிர்களையும் பறித்தது. காட்டுயிர் நலத்தையும் மனித நலத்தையும் வேறு வேறு துறைகளின் பொறுப்பாகப் பிரித்து வைத்ததால்தான் இந்தத் தீங்கு உரிய காலத்தில் கண்ணில் படவில்லை என்பதும், மருந்து அனுமதி முறை இன்னும் அந்தப் பிரிவினையின் மேலேயே நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுகள் குறைந்துவருவதை 1990களின் பிற்பகுதியில் விபு பிரகாஷ் பதிவு செய்தார். 1992 முதல் 2007 வரையிலான கணக்கெடுப்புகளின்படி இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்திருந்தது. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான மெல்லலகுப் பாறும் சேர்ந்து சுமார் 97 விழுக்காடு குறைந்திருந்தன. முதலில் தொற்றுநோய் என்றே பலரும் ஐயுற்றனர். 2004ஆம் ஆண்டு நேச்சர் இதழில் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் வெளியிட்ட பாகிஸ்தான் ஆய்வு வேறொரு விடையைத் தந்தது. இறந்த பறவைகளின் உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளைப் படிவாகப் படர்ந்திருந்தது. பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகவே வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் செயலிழந்தால் அது உடலுக்குள்ளேயே தேங்கிச் சில நாட்களில் உயிரைக் குடிக்கும். இவ்வாறு இறந்து சோதிக்கப்பட்ட 25 பறவைகள் அனைத்திலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. சிறுநீரகப் பாதிப்பின்றி வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை.

வாழிட இழப்பு, இரைக் குறைவு, பூச்சிக்கொல்லி ஆகியவற்றை விட்டுவிட்டு ஒரே மருந்தின் மேல் பழி சுமத்துவது மிகைப்படுத்தல் என்ற மறுப்பு எழுந்தது. நியாயமான ஐயம்தான். ஆனால் இரைக் குறைவு பறவையை மெலியச் செய்யுமே தவிர, அதன் ஈரலின் மேல் யூரிக் அமிலத்தைப் படியச் செய்யாது. மருந்தேற்றிய மாட்டின் இறைச்சியைப் பராமரிப்பிலிருந்த பாறுகளுக்குக் கொடுத்தபோதும் இதே நோய்க்குறிகள் தோன்றின. எங்கோ சில மாடுகளில் எஞ்சிய மருந்து ஒரு துணைக்கண்டத்துப் பறவைகளை எப்படிக் கொல்லும் என்றும் கேட்கப்பட்டது. ஒரு சடலத்தின் மேல் பாறுகள் கூட்டமாக இறங்குகின்றன என்பதே விடை. நூற்றில் ஒரு சடலத்துக்கும் குறைவாக நஞ்சேறியிருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று ரைஸ் கிரீன் குழுவினரின் கணக்கீடு காட்டியது. சாகுந்தறுவாயில் இருக்கும் மாட்டுக்குத்தான் கடைசி ஊசி போடப்படுகிறது என்பதையும் மறக்கலாகாது. மேலும், அமெரிக்காவின் வான்கோழிப் பாறு இம்மருந்தை நூறு மடங்குக்கு மேல் தாங்குகிறது. சோதனைக்கு அந்த ஒரு பறவையைத் தேர்ந்திருந்தால் மருந்து பழுதற்றது என்றே முடிவு வந்திருக்கும்!

மனிதர் பக்கம் வருவோம். இந்தியக் கிராமங்களில் இறந்த மாடுகளைப் பெரும்பாலும் ஊருக்கு வெளியே போட்டுவிடுவது வழக்கம். அவற்றைச் செலவின்றி அகற்றியவை பாறுகள். அவை மறைந்ததும் சடலங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசுபட்டன. 1992க்கும் 2006க்கும் இடையே கூடுதலாக ஏற்பட்ட வெறிநாய்க்கடி மரணங்கள் ஏறத்தாழ 47,000 என்று அனில் மார்க்கண்டேயா குழுவினர் 2008இல் மதிப்பிட்டனர். 2024இல் ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்களையும் ஏற்பில்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, வீழ்ச்சிக்குப் பின் முன்னவற்றில் மொத்த மனித இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததாகக் கண்டனர். 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் கணக்கு. மாவட்டப் புள்ளிவிவரம் பிரேதப் பரிசோதனைக்கு ஈடாகாது என்பது உண்மையே. எந்த ஒரு மரணத்தையும் சுட்டி, இது பாறு இல்லாததால் நேர்ந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் வீழ்ச்சிக்கு முன் இருவகை மாவட்டங்களின் இறப்புப் போக்கும் ஒத்திருந்தது, பின்னரே பிரிந்தது. எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் வாதம் தளராது. இறந்தவர்களில் ஒருவர் உடலிலும் டைக்ளோஃபெனாக் நஞ்சாக வேலை செய்திருக்க வேண்டியதில்லை. ஆகவே மனித நச்சியல் சோதனை எதுவும் இந்த மரணங்களை முன்னறிந்திருக்காது.

மாட்டின் வலியைத் தணிக்க உழவருக்கு மருந்து வேண்டாமா என்ற கேள்விதான் என் பார்வையில் மிகக் கனமானது. மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று 2006இலேயே நிறுவப்பட்டதால் அதற்கு விடை உண்டு. இந்தியா அதே ஆண்டில் கால்நடை டைக்ளோஃபெனாக்கைத் தடுத்தது. ஆனால் மனிதருக்கான பெரிய மருந்துக் குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. 2015இல் ஒரு குப்பி 3 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்று விதித்தபோது உற்பத்தியாளர்கள் வழக்காடினர். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதியை உறுதிசெய்தது. இதற்கிடையே அசிக்ளோஃபெனாக் என்ற மற்றொரு வலிமருந்து சந்தையில் தாராளமாகக் கிடைத்தது. அது மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. கீட்டோபுரோஃபென் என்ற வலிமருந்தின் நச்சுத்தன்மையும் முன்பே அறியப்பட்டது. இவ்விரண்டும் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டது 2023இல்தான்.

ஒவ்வொரு மூலக்கூறும் பறவையைக் கொன்ற பிறகே அதைத் தடுப்பது என்ற இந்த நடைமுறை, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிட்டு, இனப்பெருக்கத்துக்கு ஏறத்தாழ ஐந்தாண்டு காத்திருக்கும் உயிரினத்துக்குச் சற்றும் பொருந்தாது. கால்நடைக்கான வலிமருந்து எதுவும் பாறுகளுக்கு ஊறு செய்யாது என்று விண்ணப்பிக்கும் நிறுவனமே முதலில் காட்ட வேண்டும். சடலத்தில் எஞ்சும் மருந்தின் அளவும் அந்தச் சான்றில் அடங்க வேண்டும். இதனால் மருந்து விலை ஏறும், புதிய மருந்துகள் தாமதமாகும் என்பர். மெலாக்சிகாம் போன்ற பாதுகாப்பான மருந்து கைவசம் இருக்கையில், புதிய மருந்தின் வருகை சில ஆண்டுகள் தள்ளிப்போவதால் மாடு வலியில் துடிக்கப்போவதில்லை. ஆனால் நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் சிறு கூட்டத்துக்கு, நஞ்சேறிய ஒரு சடலமே பல ஆண்டு இனப்பெருக்கத்தை வீணாக்கப் போதும்.