ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி மன்றத்தில் ஓர் உயில்

உயில் என்னும் சொல் தமிழுக்குக் கடல் கடந்து வந்தது. ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழர் நாவில் உயிலாயிற்று. எழுதியவன் உயிரோடிருக்கும்வரை அது வெறும் தாள்; மாற்றலாம், கிழிக்கலாம், நெருப்பிலும் இடலாம். அவன் கண்மூடிய பின்னரே அதற்கு வாழ்வு. அவ்வாழ்வும் தானாக வந்துவிடுவதன்று. நீதிமன்றம் அதனை மெய்யென ஏற்றுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டாக வேண்டும். ‘புரொபேட்’ என்று வழங்கும் அந்நடைமுறை ஒரு நாட்டுப்புற நீதிமன்றத்தில் எவ்வாறு நடந்தது என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் சிறந்ததொரு சான்று உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி மன்றத்தில் 1800 சனவரி 20ஆம் நாள் மெய்ப்பிக்கப்பட்ட ஜார்ஜ் வாஷிங்டனின் உயிலே அது.

அக்காலத்து வர்ஜீனியாவில் கவுண்டி மன்றம் என்பது சட்டம் பயின்ற நீதிபதிகள் வீற்றிருந்த அவையன்று. அவ்வட்டாரத்து நிலக்கிழார்கள் சிலரே ‘அமைதிக்காவல் நீதிபதிகள்’ என்னும் பெயரோடு மாதந்தோறும் கூடினர். சாலை போடுவதும், சத்திரங்களுக்கு உரிமம் தருவதும், தாய்தந்தையற்ற சிறாரைத் தொழிலுக்கு ஒப்படைப்பதும், நிலப் பத்திரங்களைப் பதிவதும் அவர்கள் பணி. உயில்களை ஏற்பதும் அவற்றுள் ஒன்று. மன்றம் கூடும் நாளில் ஊரார் திரள்வர். வாணிகமும் நடக்கும், வம்பும் நடக்கும். நம் ஊர்ச் சந்தைநாளும் பஞ்சாயத்தும் ஒருசேரக் கூடியது போன்ற காட்சி எனலாம்.

வாஷிங்டனுக்கு அம்மன்றம் புதிதன்று. 1768 முதல் சில ஆண்டுகள் அவரே அதில் நீதிபதியாக அமர்ந்தவர். பிறர் உயில்களை நிறைவேற்றும் சுமையையும் அறிந்தவர். 1766இல் மறைந்த தாமஸ் கோல்வில் என்பாரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. தம் தாய்வழி உறவினர்க்குப் பொருளைப் பங்கிடுமாறு கோல்வில் தெளிவின்றி எழுதிச் சென்றிருந்தார். உறவு கூறிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து பலர் வந்தனர். நாட்டின் விடுதலைப் போர் முடிந்தது, குடியரசுத் தலைவர் பதவியும் வந்து போயிற்று, அந்தக் கணக்கு மட்டும் முடியவில்லை. முப்பதாண்டளவு அது அவரை வருத்தியது. தம் உயிலில் வழக்கறிஞர் எவரையும் கலவாது தாமே எழுதியதற்கும், பிணக்கு எழுந்தால் நடுநிலையாளர் மூவர் கூடித் தீர்க்கவேண்டும், நீதிமன்றம் ஏறலாகாது என்று விதித்ததற்கும் இப்பட்டறிவே காரணமாதல் வேண்டும்.

உயிலில் 1799 சூலை 9 என்னும் நாளை இட்டார். இருபத்தொன்பது பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையொப்பம். ஒரு பக்கத்தில் மட்டும் அது இல்லை. அப்பக்கம் தம் பெயர் தாங்கிய தலைநகரின் பெயரோடு முடிவதால், கையொப்பமிட்டாயிற்று என அவர் கண் மயங்கியிருக்கலாம். இறுதியில் ஆண்டை எழுத்தால் எழுதுகையில் ‘தொண்ணூற்றொன்பது’ என்பது ‘தொண்ணூறு’ என நின்றுவிட்டது. எனினும் விடுதலையின் இருபத்துநான்காம் ஆண்டு என்று உடன் குறித்திருந்தமையால் ஐயத்திற்கு இடமில்லை. அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் மரணப் படுக்கையில் கிடந்தவர், மனைவி மார்த்தாவிடம் இரண்டு உயில்களைக் கொணரச் செய்து, பயனற்றுப்போன ஒன்றை எரித்துவிடுமாறு கூறினார். அன்றிரவே உயிர் நீத்தார்.

எஞ்சிய தாள் மன்றத்திற்கு வந்தது. அதில் சாட்சிகளின் கையொப்பம் இல்லை. முழுவதும் தன் கைப்பட எழுதிய உயிலுக்குச் சாட்சி வேண்டாம் என்பது வர்ஜீனியாச் சட்டம். ஆனால் கையெழுத்து இறந்தவருடையதே என்பதை நிறுவியாக வேண்டும். நிறைவேற்றுநராக உயிலில் குறிக்கப்பட்ட எழுவருள் மூவர் அதனைக் கொண்டுவந்து உறுதிமொழி கூறினர். சார்லஸ் லிட்டில், சார்லஸ் சிம்ஸ், லட்வெல் லீ ஆகிய மூவர் ‘இது அவர் கையெழுத்தே’ என்று சத்தியம் செய்தனர். பதிவு செய்க என மன்றம் ஆணையிட்டது. நிறைவேற்றுநர் பிணை கொடுத்தனர், சான்று வழங்கப்பட்டது. நாட்டின் முதல் தலைவரின் எழுத்தேயாயினும், மூன்று அண்டை வீட்டார் வந்து சத்தியம் செய்த பின்னரே அது செல்லுபடியாயிற்று என்பது நோக்கத்தக்கது.

அந்தச் சத்தியத்தை நம்பி நின்றவர்கள் உறவினர் மட்டும் அல்லர். தமக்குச் சொந்தமான அடிமைகளை மார்த்தாவின் மறைவுக்குப்பின் விடுவிக்குமாறு வாஷிங்டன் எழுதியிருந்தார். அவ்வாறு அடிமைப்பட்டிருந்தவர் 123 பேர். போர்க்களத்தில் உடன்நின்ற வில்லியம் லீ ஒருவருக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு முப்பது டாலர் கொடையும் உண்டு. முதியோரைக் காக்கவேண்டும், பெற்றோரற்ற சிறாருக்கு எழுதப்படிக்கக் கற்பிக்கவேண்டும் என்றும் விதித்தார். 1782இல் வர்ஜீனியா இயற்றிய சட்டப்படி, உயிலாலோ கவுண்டி மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட பத்திரத்தாலோ உடையவன் தன் அடிமைகளை விடுவிக்கலாம். ஆகவே உயில் பதிவாவது அந்த 123 பேர்க்கும் வாழ்வா சாவா என்பதாயிற்று.

ஆயின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் வேறு 153 அடிமைகள் இருந்தனர். அவர்களைத் தொட அந்த உயிலுக்கு உரிமையில்லை. காரணம் நாற்பத்திரண்டு ஆண்டுகட்கு முந்தியது. மார்த்தாவின் முதற்கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் உயில் எழுதாமலே இறந்தார். அந்நிலையில் சட்டம் தானே பங்கு பிரித்தது. மூன்றில் ஒரு பங்கு கைம்பெண்ணுக்கு, அதுவும் அவர் வாழ்நாள் அளவுக்கே. அனுபவிக்கலாம், விற்கவோ விடுவிக்கவோ இயலாது. அவருக்குப்பின் அப்பங்கு முதற்கணவரின் வழித்தோன்றல்களைச் சேரும். அப்பங்கில் வந்த அடிமைகளும் அவர்தம் மக்களுமே இந்த 153 பேர். மகன் ஜான் பார்க் கஸ்டிசும் 1781இல் உயிலின்றியே மாண்டார். தந்தையும் மகனும் எழுதாது விட்ட தாள்கள் எழுதப்பட்ட தாளைவிட வலியவாயின.

இரு சாராரும் ஒரே பண்ணையில் வாழ்ந்தவர்கள், ஒருவரையொருவர் மணந்தவர்கள். 1799இல் வாஷிங்டன் தம் கையால் எழுதிய பட்டியலில் இவர் தமக்குரியவர், இவர் கைம்பெண் பங்கினர் எனப் பிரித்துத் திருமண உறவையும் குறித்துள்ளார். ஐசக் என்னும் தச்சர் வாஷிங்டனுக்குரியவர். அவர் மனைவி கிட்டி கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்தவர். பிள்ளைகளின் நிலை தாயின் நிலையே என்பது சட்டமாதலால் ஒன்பது பெண்மக்களும் தாயோடு கஸ்டிஸ் உடைமையாயினர். இக்குடும்பங்கள் பிரியும் துயரைச் சொல்லியே வாஷிங்டன் விடுதலையை மனைவியின் மறைவுவரை தள்ளிவைத்தார். தள்ளிவைத்ததனால் பிரிவு நீங்கவில்லை, தாமதமாயிற்று, அவ்வளவே.

அத்தாமதமும் நீளவில்லை. தம் சாவை எதிர்நோக்கிய 123 பேர் நடுவே வாழ்வது மார்த்தாவுக்கு அச்சமூட்டியது. அவரைக் கண்டு வந்த அபிகேல் ஆடம்ஸ் இதனைக் கடிதமொன்றில் குறித்துள்ளார். 1801 சனவரி முதல் நாள் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஐசக் விடுதலையாளரானார், கிட்டியும் பெண்களும் அடிமைகளாகவே நின்றனர். 1802 மே மாதம் மார்த்தா மறைந்ததும் கஸ்டிஸ் அடிமைகள் பேரக்குழந்தைகள் நால்வர்க்குப் பங்கிடப்பட்டனர். மார்த்தாவின் உயிலும் அதே மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. தமக்கே உரிமையான ஒரே அடிமையாகிய எலிஷ் என்பவரை அதில் பேரனுக்கு எழுதிவைத்திருந்தார். விடுவிக்க அவருக்கு முழு உரிமை இருந்தும் விடுவிக்கவில்லை.

மெய்ப்பித்தலோடு பணி முடிந்துவிடவில்லை. அறை அறையாகப் பொருள்களை மதிப்பிட்ட பட்டியல் 1810இல்தான் மன்றப் பதிவேறியது. விற்றுப் பங்கிடவேண்டியவை என வாஷிங்டன் கணித்தவை மட்டும் 530,000 டாலர். அவை பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த நிலங்களும் பங்குகளும். விடுதலை பெற்ற முதியோர்க்கு உணவும் உடையும் அளித்த செலவு முப்பதாண்டுக்கு மேலாக நிறைவேற்றுநர் கணக்கில் ஏறிவந்தது. கோல்வில் கணக்கால் முப்பதாண்டு வருந்தியவரின் சொந்தக் கணக்கு முடிய நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின; 1847இல் அது மூடப்பட்டது.

உள்நாட்டுப் போரின்போது வாஷிங்டனின் உயில் பாதுகாப்புக் கருதி ரிச்மண்ட் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, போர் முடிந்தபின் சிதைந்த நிலையில் திரும்பியது. மடிப்புகளில் கிழிந்த தாள்களை 1910இல் வில்லியம் பெர்விக் என்னும் கைவினைஞர் செப்பனிட்டார். மார்த்தாவின் உயிலை 1862இல் வடபுலப் படையினர் ஒருவர் எடுத்துச் சென்றார்; பின்னர் அது செல்வர் ஜே. பி. மார்கன் கைக்கு விலைக்குப் போயிற்று. வர்ஜீனியா மாநிலம் உச்சநீதிமன்றத்தில் வழக்கிட்ட பின்னரே, 1915இல், அவர் மகன் அதனைத் திருப்பித் தந்தார். இரண்டு உயில்களும் இன்று ஃபேர்ஃபாக்ஸ் நீதிமன்றத்தின் ஆவணக் காப்பில் உள்ளன.