இரணமும் உணவும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடல் நடுவே, கற்கோட்டை ஒன்று நிற்கின்றது. போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கைத் தீவின் வடிவம் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையை ஒத்தது என்று கருதிய அவர்கள், தொடையின் குதிப்பகுதி எனப் பொருள்படும்படி அதற்கு ஹமன்ஹீல் என்று பெயரிட்டனர். வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம், நயினாதீவுக்கு ஹார்லம், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்று தம் நாட்டு நகரங்களின் பெயர்களையும் அத்தீவுகளுக்குச் சூட்டினர். அவற்றுள் டெல்வ்ற் என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

கோட்டைக்குத் தசையுணவின் பெயரை இட்ட அம்மாலுமிகள், உணவின் குறையாலேயே பெருந்தொகையாய் மாண்டவர்கள் என்பது வரலாற்றின் விந்தை. ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக் கடலை அடைய அந்நாளில் ஏழு, எட்டுத் திங்கள் செல்லும். உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியுமே கப்பலுணவு. பச்சை இலையும் பழமும் கண்ணிலும் படா. சில திங்களில் ஈறு வீங்கிக் குருதி கசியும். தோலிற் கருநீலத் தடிப்புகள் தோன்றும். சிறு கீறலும் ஆறாது புண்ணாகும். இதுவே ஸ்கர்வி என்னும் நோய். 1652ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆபிரிக்காவின் தென்முனையில் குடியேற்றம் அமைத்தமைக்கு, வழிச்செல்லும் கப்பல்களுக்குக் காய்கறியும் நன்னீரும் வழங்குதலே தலையாய காரணம்.

இந்நோயின் கொடுமையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி, ஆங்கிலக் கடற்படைத் தளபதி அன்சன் 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிய பயணத்தின் வரலாற்றிற் பதிவாகியுள்ளது. அக்கப்பலில் இருந்த முதிய மாலுமி ஒருவர், 1690ஆம் ஆண்டு அயர்லாந்தின் பொயின் ஆற்றங்கரைப் போரிற் காயமுற்றவர். காயம் ஆறி ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஸ்கர்வி பற்றியபோது அப்பழைய வடு பிளந்து, என்றுமே ஆறாதது போலத் திறந்துகொண்டது. முன்பு முறிந்து பொருந்திய எலும்பும் மீண்டும் பிரிந்தது. ஆறிய காயமும் உணவின் துணையாலேயே மூடிக்கிடக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சோல்ஸ்பரி என்னும் போர்க்கப்பலில் நோயாளர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துச் சோதித்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் கடற்படையில் எலுமிச்சஞ்சாறு முறையாக வழங்கப்பெற 1795ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. உண்மை கண்டறியப்படுவதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையே கழிந்த அரை நூற்றாண்டில் மாண்டவர் பலர்.

நெடுந்தீவிலே ஒரு பெருக்கமரம் நிற்கின்றது. ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழிக் கூற்று. அதன் பழத்தின் புளிப்பான சதையில் ஸ்கர்வியைத் தடுக்கும் சத்து மிகுதியாக உண்டு என்பதை இக்காலச் சோதனைகள் காட்டியுள்ளன. நோயுற்ற மாலுமிகள் கடந்துசென்ற கடலோரத்திலே, நோய் தீர்க்கும் மரமும் நின்றது.

யாழ்ப்பாணத்து மருத்துவ வரலாற்றில் இரணம் என்ற சொல்லுக்குத் தனியிடம் உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் இங்கு வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவப் பணியை நிலைநாட்டினார். 1864ஆம் ஆண்டிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். சத்திர சிகிச்சையைக் கூறும் ஆங்கில நூலொன்று 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது அவர் முயற்சியின் பயன். அதே ஆண்டிலேதான், காயத்தில் நஞ்சு பற்றாது காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் உலகுக்கு அறிவித்தார். நோயாளி வலியுணராதிருக்க ஈதர் பயன்பட்டது, கிறீன் இங்கு வருவதற்கு முந்திய ஆண்டான 1846இல். வலியையும் நஞ்சையும் வென்ற சத்திர சிகிச்சை, மூன்றாவது பகையாகிய ஊட்டக் குறைவை அறிய மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன.

1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஸ்ரட்லி என்ற சத்திர வைத்தியர், இரைப்பைப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளை ஆராய்ந்தார். சிகிச்சைக்கு முன்னரே தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் நூற்றுக்கு 33 பேர் இறந்திருந்தனர். அவ்வாறு மெலியாதவர்களிலோ நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. மூன்று ஆண்டுகளின் பின், பொஸ்ரன் நகரத்து இளம் வைத்தியர் ஜோன் குரண்டன் தம் உடலையே சோதனைக்களமாக்கினார். பழமும் காய்கறியும் நீக்கிய உணவையே பல திங்கள் உண்டார். மூன்றாந் திங்களில் அவர் முதுகிற் செய்த கீறல் வழக்கம்போல் ஆறிற்று. ஆறாந் திங்களில் செய்த கீறலோ, மேலே தோல் கூடியும் உள்ளே கூடவில்லை. விற்றமின் சீ ஏற்றியபின் அதுவும் ஆறியது.

காரணம் இன்று தெளிவு. காயத்தின் இரு கரைகளையும் பிணைக்கும் நார் கொலாஜன் எனப்படும் புரதம். அந்நார் முறுக்கேறி வலிமை பெற விற்றமின் சீ இன்றியமையாதது. பழைய நார் சிதைந்து புதிய நார் தோன்றுதல் வடுவில் வாழ்நாள் முழுதும் நிகழ்வது. ஆகவேதான் அன்சன் கப்பலின் முதியவர் வடு பிளந்தது. நார் நெய்வதற்கு வேண்டிய மூலப்பொருள் மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதம். உயிரணுக்கள் பெருக நாகச்சத்து வேண்டும். தோல் மூட விற்றமின் ஏ வேண்டும். உணவு போதாதாயின், சத்திர சிகிச்சைக்குள்ளான உடல் தன் தசையையே கரைத்துக் காயத்துக்கு ஊட்டுகின்றது. தசை கரைந்தவன் இருமிச் சளியகற்றவும் எழுந்து நடக்கவும் வலுவிழக்கின்றான்.

இவ்வறிவைக் கொண்டு தீவகத்தின் அடுக்களையை நோக்கின், அங்கே மருந்துக்குக் குறைவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறையும், மிளகும் மல்லியும் உள்ளியும் சேர்ந்த பத்தியக் கறியும் ஆக்கிக் கொடுப்பது நெடுநாள் வழக்கு. சுறாவிலே புரதம் மிகுதி. எனவே அவ்வழக்கம் அறிவுக்கு ஒத்தது. முருங்கையிலை வறை, விற்றமின் ஏயாக மாறும் சத்தினைத் தருவது. சொதியை அடுப்பினின்றும் இறக்கியபின் தேசிக்காய் பிழியும் பழக்கமும் பொருளுடையது: விற்றமின் சீ நெடுநேரக் கொதியிற் கெடும். ஒடியல் மாவு பசியாற்றும் மாச்சத்து. அதனோடு மீனும் நண்டும் பயற்றங்காயும் இலைக்கறியும் சேர்ந்து கூழாகும்போதே உணவு நிறைவுறுகின்றது.

ஆனால் அதே அடுக்களையில் மற்றொரு வழக்கமும் உண்டு. உடலிற் புண் இருந்தால் மீன் ஆகாது, முட்டை சீழ் வைக்கும், இறாலும் நண்டும் கிரந்தி என்று சொல்லி, சத்திர சிகிச்சை முடிந்து வந்தவருக்கு வாரக்கணக்கில் வெறுங்கஞ்சி கொடுப்பவர் இன்றும் உளர். சீழ் வைப்பது கிருமி, முட்டையன்று. குறித்த உணவு ஒவ்வாமை உடையவர் அதனை விலக்குதல் முறையே. ஏனையோரிடமிருந்து மீனைப் பறிப்பது, வீடு கட்டுகின்றவனிடமிருந்து கல்லைப் பறிப்பதை ஒக்கும். பத்தியம் என்ற ஒரே பெயரின் கீழ், பிள்ளை பெற்றவளைத் தேற்றும் வழக்கமும் புண்பட்டவனைப் பட்டினியிடும் வழக்கமும் ஒளிந்து நிற்கின்றன. முன்னதைப் போற்றுதலும் பின்னதைக் களைதலும் அறிவுடையார் கடன்.

தீவகத்தார்க்கு இது கூடுதற் பொருளுடையது. நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் நோயாளியைக் கடல் கடந்து குறிகட்டுவானுக்குக் கொணர்ந்தே யாழ்ப்பாணத்துப் பெரிய வைத்தியசாலையை அடைய வேண்டும். காற்றும் அலையும் மிகுந்த நாளில் வீடு திரும்பியவரின் காயம் பிரிந்தால், மீண்டும் செல்வது எளிதன்று. நீரிழிவு உடையவர் காலிற் புண் ஆறாது நீடித்தால் காலையே இழக்க நேரும். இவர்கள் குருதியிற் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தலும், புரதத்தைக் குறையாது உண்ணலும் ஒருங்கே செய்யத்தக்கன. சிறுநீரக நோய் உள்ளவர் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதை வைத்தியரே வரையறுத்தல் வேண்டும்.

நாள் குறித்த சத்திர சிகிச்சையாயின், அதற்கு முந்திய வாரங்களும் மருத்துவத்தின் பகுதியே. மெலிந்தவர் எடை தேற வேண்டும். புகைப்பவர் புகையை விடவேண்டும். சிகிச்சை முடிந்தபின் வைத்தியர் இசைவு கொடுத்த அன்றே உணவு தொடங்கலாம் என்பதே பெரும்பாலான சிகிச்சைகளுக்கு இக்கால மருத்துவத்தின் துணிபு. நோயாளியைக் காண வருவோர் சோடாவும் பிஸ்கற்றும் கொணர்வதற்கு மாறாக, அவித்த முட்டையும், முள் நீக்கிய மீன் கறியும், ஒரு தோடம்பழமும் கொணரலாம். லிண்ட் கண்ட உண்மை கடற்படையின் சமையலறையை அடைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. அது தீவகத்து வீட்டின் அடுப்படியை அடைவதற்கு, நோயாளிக்கு அடுத்த வேளை உணவு வட்டிக்கும் கை மனம் வைத்தாற் போதும்.