சுப்பிரமணியன் சுவாமியும் வாக்கு ஒப்புகைச் சீட்டும்

சுப்பிரமணியன் சுவாமி (பிறப்பு: 15 செப்டம்பர் 1939) பொருளியல் பேராசிரியர், அரசியல்வாதி. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் காகிதச் சான்று வேண்டும் என வழக்காடி வென்றவர்.

கல்வியும் பணியும்

சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் சோழவந்தான் அருகிலுள்ள முள்ளிப்பள்ளம். டெல்லியில் கணிதமும் கொல்கத்தாவில் புள்ளியியலும் பயின்றார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே கற்பித்தார். பின்னர் டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். 1974இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1990-91இல் மத்திய அமைச்சராகவும், 1998இல் மதுரை மக்களவை உறுப்பினராகவும் இருந்தார்.

இயந்திரம் வந்த வழி

கேரளத்தின் பரவூர் தொகுதியில் 1982ஆம் ஆண்டு 50 வாக்குச்சாவடிகளில் இந்த இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலும், நாடு முழுவதும் 2004 மக்களவைத் தேர்தலும் இயந்திரத்திலேயே நடந்தன. வாக்குச்சீட்டின் செல்லாத ஓட்டுகளும், நாள் கணக்கில் நீண்ட எண்ணிக்கையும் குறைந்தன.

சுவாமியின் வாதம்

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஒலி கேட்கிறது. ஆனால் தாம் அளித்த வாக்கு அப்படியே பதிவானதா என்பதை வாக்காளர் தாமே அறிய வழியில்லை. இதுவே சுவாமி எழுப்பிய கேள்வி. 2010இல் எஸ். கல்யாணராமனுடன் சேர்ந்து இதுபற்றி ஒரு நூலைத் தொகுத்தார்.

ஜெர்மனியிலும் இதே கேள்வி எழுந்தது. அரசியல் அறிவியலாளர் யோவாகிம் வீஸ்னரும் இயற்பியலாளரான அவர் மகனும் தொடுத்த வழக்கில், 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தேர்தலின் முக்கியப் படிகளைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. அங்கு வாக்குச்சீட்டு முறை திரும்பியது.

தீர்ப்பு

டெல்லி உயர் நீதிமன்றம் 2012 ஜனவரியில் சுவாமி கேட்ட ஆணையை வழங்க மறுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 2013 அக்டோபர் 8 அன்று, நேர்மையான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என்று கூறி, அதைப் படிப்படியாகக் கொண்டுவர அனுமதித்தது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் இடம்பெற்றது.

இன்றைய நிலை

வாக்களித்ததும் வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சான சீட்டு ஏழு நொடிகள் தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளே எண்ணி ஒப்பிடப்படுகின்றன. அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சீட்டைக் கண்ணால் காணும் உரிமை வாக்காளருக்குக் கிடைத்துவிட்டது. எத்தனை சீட்டுகளை எண்ணினால் போதும் என்ற விவாதம் மட்டும் தொடர்கிறது.