பலகைச் சுவரும் பட்ட கடனும்

வாழும் நிலமே வீட்டின் வடிவத்தை வகுக்கிறது. மழையும் பனியும் மிகுந்த இடத்தில் வெறும் மண்சுவர் நெடுநாள் நில்லாது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய ஆங்கிலேயர், தாயகத்தின் சில பகுதிகளில் வழங்கிய முறையொன்றைக் கைக்கொண்டனர். மரத்தை நார்ப்போக்கில் பிளந்து மெல்லிய பலகைகளாக்கினர்; மேற்பலகையின் கீழ்விளிம்பு கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை மூடுமாறு சுவரின் புறத்தே ஆணியால் அறைந்தனர். கூரையோட்டில் வழிவதுபோல் மழைநீர் அதன்மீது வழிந்தோடியது. 'கிளாப்போர்டு' என்பது அப்பலகையின் பெயர்.

அதற்கொரு துயர வரலாறும் உண்டு. 1620ஆம் ஆண்டு 'மேபிளவர்' கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறியோர் ஏறத்தாழ நூற்றுவர். அடுத்த இளவேனிலுக்குள் பாதிப்பேர் மடிந்தனர். பயணத்துக்கு முதலிட்ட லண்டன் வணிகரின் கடனோ மடியவில்லை. எஞ்சியோர் காட்டில் மரம் பிளந்தனர். இங்கிலாந்தில் பீப்பாய் செய்யவும் வேண்டப்பட்ட அப்பலகைகளை, விலங்குத் தோல்களுடன் 1621 டிசம்பரில் 'பார்ச்சூன்' என்னும் கப்பலில் நிறைய ஏற்றி அனுப்பினர். வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலை மறித்துச் சரக்கைக் கவர்ந்தனர். ஓராண்டின் உழைப்பு ஊர் சேராமலே அழிந்தது. 1627இல் 1,800 பவுனுக்கு உடன்பாடு செய்து, அதன் பின்னும் பல்லாண்டுகள் அவர்கள் கடன் செலுத்த நேர்ந்தது.

அருகிலுள்ள டெடம் ஊரில், 1637க்கும் 1641க்கும் இடையே வெட்டிய மரங்களால் எழுப்பிய பேர்பேங்க்ஸ் இல்லம் பலகைப் போர்வையுடன் இன்றும் நிற்கிறது. இந்நாளில் வரவேற்பறைச் சுவரில் அழகுக்காக இத்தகைய பலகையைப் பதிப்போர் பலர். பசியிலும் கடனிலும் அதனைப் பிளந்த கைகளையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பது தகும்.